சோழவரத்துக்காகக் கட்டிய எஞ்சின்கள்: மறைந்த ஒருவரின் பட்டறைச் சாமான்களை அடையாளம் கண்ட நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று உண்டு. 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் அங்கேதான் பந்தயம் நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தளம் வந்த பிறகுதான் சோழவரத்தின் காலம் முடிந்தது. அன்றைய இறக்குமதிக் கட்டுப்பாட்டில் பந்தய உதிரிபாகங்களைக் கடையில் வாங்க முடியாது. வேண்டியதை லேத்தில் கடைந்தோ, அரத்தால் ராவியோ, தகட்டைச் சுருட்டிப் பற்றவைத்தோ செய்துகொள்ள வேண்டும். அந்த வேலையைச் சென்னையின் சிறு பட்டறைகள் பல செய்தன.

1983இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹா ஆர்டி 350 வண்டியை ராஜ்தூத் 350 என்ற பெயரில் இங்கே கொண்டுவந்தது. இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 64 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 54 மி.மீ., 347 சிசி, ஆறு கியர். ஜப்பானிய மூலத்தின் திறன் 39 குதிரைத்திறன். மைலேஜுக்காக இங்கே அதை 30.5 ஆகவும் (எச்டி வகை), பிறகு 27 ஆகவும் (எல்டி வகை) குறைத்தார்கள். அடக்கி வைத்த திறனை வெளியே எடுப்பதுதான் அன்றைய டியூனர்களின் முதல் வேலை.

இந்த நிகழ்வில் வரும் தந்தை வடசென்னையில் போர் அடிக்கும், அதாவது தேய்ந்த சிலிண்டரின் உட்பக்கத்தைக் கடைந்து கொடுக்கும் பட்டறை வைத்திருந்தவர். 1980களின் நடுப்பகுதியில் பந்தய எஞ்சின்களும் கட்டினார். பந்தயம் சோழவரத்தை விட்டுப் போனதும் அதை நிறுத்திவிட்டார். பட்டறைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையை அதன்பின் யாரும் திறந்து அடுக்கவில்லை. அவர் மறைந்த பிறகு இடத்தை விற்கும் பேச்சு வந்தது, காயலாங்கடைக்காரர் வந்து எடைக்கு விலையும் சொல்லிவிட்டுப் போனார். உள்ளூரில் இருந்த மகளும் வெளிநாட்டில் இருந்த மகனும், அப்பா ரேஸ் வண்டிக்கு ஏதோ செய்தார் என்பதற்கு மேல் அறியாதவர்கள்.

முதலில் கண்டவை

கொட்டகையில் மூன்று ஜோடி பிளாக்குகள் (சிலிண்டர்கள்), ஐந்து ஹெட்டுகள் (அவற்றின் மேல் மூடிகள்), இரண்டு கிராங்குகள் (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டுகள்), இரண்டு ஜோடி எக்ஸ்பான்ஷன் சேம்பர் சைலன்சர்கள் (நடுவில் பருத்துக் கூம்பாக முடியும் பந்தயப் புகைக்குழாய்கள்), ஒரு ஜோடி மிக்குனி விஎம் 34 கார்புரேட்டர், வண்டியின் சொந்த 28 மி.மீ. கார்புரேட்டர்கள், சுழலாமல் பிடித்துப்போன ஒரு முழு எஞ்சின், ரீடு வால்வுக் கூண்டுகள், டிகிரி வீல் (கிராங்கு திரும்பும் கோணத்தை அளக்கும் தட்டு), கண்ணாடி பியூரெட் (திரவம் அளக்கும் குழாய்), பால் டின்களில் திருகாணிகளும் ஜெட்டுகளும் (கார்புரேட்டரில் பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கும் துளையிட்ட திருகுகள்) இருந்தன. இரண்டு பழைய டைரிகள் எண்களால் நிறைந்திருந்தன. மேல் தட்டில் துருப்பிடித்த கேனில் ஏதோ திரவம், மூட்டையில் பழைய கிளட்ச் தட்டுகளும் பிரேக் ஷூக்களும்.

விவரம் தெரிந்த ஆட்கள் வருவதற்குள் ஒரு தட்டு ஏற்கெனவே காலி செய்யப்பட்டிருந்தது. நான்கு டின்களில் இருந்த ஜெட்டுகளை இடம் மிச்சமாகும் என்று ஒரே பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டியிருந்தார்கள். மெல்லிய தகடு, ஒயர், உடைந்த ஃபின் துண்டுகள் எல்லாம் 'பழைய அலுமினியம்' என்று ஒரு சாக்குக்குப் போயிருந்தன. இந்த இரண்டு செயல்களும் பின்னால் எவ்வளவு வேலை வைத்தன என்பது கீழே வரும்.

முதல் முடிவு: எதுவும் வெளியே போகக் கூடாது, எதையும் கழுவக் கூடாது

காயலாங்கடைக்காரருக்கு மறுப்புச் சொல்லிவிட்டு, போரிங் வேலை தெரிந்த ஒரு மெக்கானிக்கை அழைத்தார்கள். அவர் கேட்டுக்கொண்டபடி மீதித் தட்டுகளை அசைக்காமல் படம் எடுத்தார்கள். தட்டு முழுவதும் ஒரு படம், ஒவ்வொரு டின்னும் திறந்தபடி ஒரு படம், பக்கத்தில் எஃகு ஸ்கேல். பிறகு ஒவ்வொன்றுக்கும் தட்டு எண்ணும் வரிசை எண்ணும் எழுதிய அட்டையைக் கம்பியால் கட்டினார்கள். ஒட்டும் லேபிள் எண்ணெய்ப் பரப்பில் நிற்காது, நின்றாலும் பின்னால் பசையைத் துடைக்கும்போது அடியில் உள்ள பென்சில் குறியும் சேர்ந்து போய்விடும்.

பட்டறையில் ஒரு பொருளுக்குப் பக்கத்தில் எது இருந்தது என்பதே பாதி ஆவணம். ஒரே டின்னில் கிடக்கும் பிஸ்டன் ரிங்கும் கட்ஜன் பின் (பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் இணைக்கும் தண்டு) லாக்கும் ஒரே எஞ்சினுக்கு எடுத்து வைத்தவையாக இருக்கலாம். வகை பிரித்து அடுக்கினால் பார்வைக்கு ஒழுங்காக இருக்கும், அந்தத் தொடர்பு மட்டும் அறுந்துவிடும்.

கழுவாததற்குக் காரணம் ஆமணக்கு எண்ணெய். அன்றைய பந்தய எண்ணெய் பெரும்பாலும் ஆமணக்கை அடிப்படையாகக் கொண்டது. சூட்டில் அது மஞ்சள் பழுப்பு வார்னிஷாக இறுகிவிடும், மண்ணெண்ணெயோ டீசலோ அதை அசைக்காது. ஸ்பிரிட், அசிட்டோன், என்சி தின்னர் போன்றவைதான் கரைக்கும். ஆகவே எந்தப் பாகத்தில் அந்த வார்னிஷ் இருக்கிறதோ அது உண்மையில் ஓடிய பாகம். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்ததும் பளிச்சென்று ஆகிவிட்டால், செய்து வைத்து ஓட்டாமல் விட்டதாகவோ சாதாரண எண்ணெயில் ஓடியதாகவோ இருக்கலாம். சாண்ட் பிளாஸ்டிங் செய்து 'புதுசு மாதிரி' ஆக்கியிருந்தால் இந்தச் சான்று ஒரு மணி நேரத்தில் காணாமல் போயிருக்கும். போர்ட்டின் (சிலிண்டர் சுவரில் வாயு செல்லும் வழி) உள்ளே அரம் பட்ட கோடுகளும் சேர்ந்தே போயிருக்கும். பியரிங் இருக்கும் எதற்கும் சாண்ட் பிளாஸ்டிங் கூடவே கூடாது, மணல் உள்ளே புகுந்தால் பிறகு எடுக்க வழியில்லை.

ஆபத்தானவற்றை முதலில் பிரித்தார்கள். கேனில் இருந்தது மெத்தனால் என்று சந்தேகம். எரிந்தால் பகலில் சுடர் தெரியாத, தோல் வழியாகவும் உடலில் சேரும் நஞ்சு அது. முகர்ந்து பார்க்காமல், பற்றவைத்துப் பார்க்காமல், மூடியபடி வெளியே எடுத்துத் தனியாக வைத்து அகற்றினார்கள். பழைய கிளட்ச் தட்டிலும் பிரேக் ஷூவிலும் கல்நார் இருக்கக்கூடும். அதனால் காற்றடித்துத் தூசி தட்டாமல், தண்ணீர் தெளித்து ஈரமாகவே தடித்த பையில் கட்டினார்கள். கரி படிந்த சைலன்சரைச் சுரண்டும்போதும் முகக்கவசம், கையுறை. ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் முற்றாக நின்றது 2000இல்தான், அதற்கு முந்தைய கரியில் ஈயம் இருக்கும்.

பிடித்துப்போன எஞ்சின்

முழு எஞ்சினை யாரும் உதைத்துப் பார்க்கவில்லை, அது நல்லதாயிற்று. பிடித்துப்போன டூ ஸ்ட்ரோக்கை உதைத்தால் ரிங் எக்சாஸ்ட் போர்ட்டில் சிக்கி உடையும், கிக் கியரின் பல்லும் போகலாம். ஹெட்டைக் கழற்றிப் பார்த்ததில் போரில் துரு அதிகம் இல்லை. பிஸ்டனைச் சுற்றி வார்னிஷ் வளையம் மட்டும். வழக்கமான துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி வைத்ததில் பலன் இல்லை. ஸ்பிரிட் ஊற்றி, ஆவியாவதற்கு ஏற்ப நிரப்பிக்கொண்டே சில நாள் விட்டார்கள். பிறகு இடப்பக்க ரோட்டர் போல்ட்டில் ஸ்பேனர் வைத்து முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்ததில் விடுபட்டது. சுத்தியலுக்கு வேலையில்லை.

உள்ளே இருந்த கிராங்கின் பின்கள் ஃபிளைவீலோடு நான்கு இடங்களில் டேக் வெல்டிங் செய்யப்பட்டிருந்தன. ஆர்டி கிராங்கு அழுத்திச் சேர்த்தது. அதிக சுழற்சியில் ஃபிளைவீல்கள் ஒன்றுக்கொன்று திரும்பிவிடும் என்பதால் பந்தய எஞ்சினில் இப்படிப் பற்றவைப்பார்கள். வி பிளாக்கில் வைத்து டயல் கேஜில் பார்த்ததில் ஓட்டம் (சுழலும்போது தண்டு மையம் விலகும் அளவு) 0.09 மி.மீ. இருந்தது. 0.03க்குள் இருந்தால் நிம்மதி, 0.05க்கு மேல் ஓட்டக் கூடாது. வெல்டிங்கை அறுக்காமல் இதை நேராக்க முடியாது. மெயின் பியரிங்குகளில் குண்டுகளின் இடைவெளியிலேயே துருக்குழிகள் இருந்தன, பல ஆண்டுகள் ஒரே நிலையில் ஈரத்தோடு நின்றதன் அடையாளம். இரண்டாவது கிராங்கு கிரீஸ் பூசி மெழுகுத் தாளில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. அதன் ஓட்டம் 0.02. கனெக்டிங் ராடின் மேல்முனை ஆட்டமும் 2 மி.மீ. என்ற வரம்புக்கு வெகு கீழே.

டைரியும் பிளாக்குகளும்

டைரியில் 'இரண்டு புள்ளி 190/130', 'மூன்று புள்ளி 193/134' என்று தலைப்புகள். கீழே போர் அளவு, 'கிளி. 2½ தௌ' (பிஸ்டன் இடைவெளி, அங்குலத்தின் ஆயிரத்தில் 2½ பங்கு), 'டைமிங் 1.8', 'ஹெட் 14.6'. பிளாக்குகளின் அடி விளிம்பைத் துடைத்ததும் ஒரு ஜோடியில் இரண்டு பஞ்ச் புள்ளிகள், இன்னொன்றில் மூன்று. மூன்றாம் ஜோடியில் புள்ளி எதுவும் இல்லை. பிடித்துப்போன எஞ்சினில் மாட்டியிருந்தவை இரண்டு புள்ளி பிளாக்குகள்.

190/130 என்பது எக்சாஸ்ட் (புகை வெளியேறும்), டிரான்ஸ்ஃபர் (கலவை சிலிண்டருக்குள் வரும்) போர்ட்டுகள் திறந்திருக்கும் டிகிரி என்று ஊகித்து அளந்தார்கள். இந்த எஞ்சினில் கிராங்கு ஆரம் 27 மி.மீ., கனெக்டிங் ராடு மையத்திலிருந்து மையம் 110 மி.மீ. பிஸ்டன் மேலே நிற்கும் உச்சத்திலிருந்து கிராங்கு 85 டிகிரி திரும்பும்போது பிஸ்டன் இறங்கியிருக்கும் தூரம், 27 + 110 இலிருந்து 27 × கோசைன் 85ஐயும், 110இன் வர்க்கத்திலிருந்து 27 × சைன் 85இன் வர்க்கத்தைக் கழித்த வர்க்கமூலத்தையும் கழித்தால் வரும். விடை 28.0 மி.மீ. போர்ட் 85 டிகிரியில் திறந்தால் 275இல் மூடும், ஆகவே திறப்பு 190. அதே கணக்கில் 115 டிகிரிக்கு 41.2 மி.மீ., திறப்பு 130. இரண்டு புள்ளி பிளாக்கில் மேல் முகத்திலிருந்து டெப்த் வெர்னியர் காட்டிய அளவுகள் 28.0, 41.2. சேம்ஃபர் விளிம்பால் வெர்னியர் ஏமாற்றக்கூடும் என்பதால் டிகிரி வீலிலும் பார்த்தார்கள். உச்சத்தைக் கண்ணால் தீர்மானிக்காமல், பிளக் துளையில் ஸ்டாப் வைத்து இருபுறமும் திருப்பி, இரு எண்களின் நடுவை எடுத்தார்கள். கணக்கும் அளவும் ஒன்றாக வந்தன.

இந்த ஒரு பொருத்தத்தால்தான் டைரியை நம்பலாம் என்று ஆனது. அதற்கு முன் அது யாருடைய எழுத்து, எந்த வண்டிக்கு என்பதெல்லாம் ஊகம்தான்.

மூன்று புள்ளி ஜோடியில் மேலிருந்து 27.2, 40.4. கணக்குப்படி 193, 134. டைரியோடு இதுவும் சரி. ஆனால் கிரீஸ் பூசிய கிராங்கைக் கேஸில் வைத்து, ஒரே ஒரு பேப்பர் பேக்கிங்கோடு இந்தப் பிளாக்கை மாட்டிப் பார்த்தபோது உச்சத்தில் பிஸ்டன் விளிம்பு பிளாக்குக்கு மேலே 0.8 மி.மீ. நின்றது. ஹெட் மாட்டி ஈயக்கம்பி வைத்து அழுத்தியதில் ஸ்குவிஷ் இடைவெளி (பிஸ்டன் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருப்பது) 0.3. நிமிடத்துக்கு ஒன்பதாயிரம் சுழற்சியில் ராடு நீண்டு, பியரிங் ஆட்டமும் சேர்ந்தால் பிஸ்டன் ஹெட்டில் இடிக்கும். கட்டியவர் இப்படி ஓட்டியிருக்க முடியாது.

சர்ஃபேஸ் பிளேட்டில் இரு பிளாக்குகளையும் பக்கத்தில் நிறுத்தினால் மூன்று புள்ளி 0.8 மி.மீ. குள்ளம். மேல் முகத்தைக் கடைந்திருக்கிறார். அப்படியானால் அடியில் 0.8க்கு ஏதாவது வைத்துத் தூக்கியிருக்க வேண்டும். இங்கேதான் பட்டறையின் பழைய உதவியாளர் வந்து சேர்ந்தார். எழுபதைத் தாண்டியவர், இருபது வயதில் அங்கே வேலை கற்றவர். அலுமினியச் சாக்கைக் கொட்டிக் கிளறி, மடங்கிய தகடு ஒன்றை எடுத்து மகளிடம் நீட்டினார். "இது சிம்மு இல்ல பாப்பா. பிளாக்குக்கு அடியில போடுற பிளேட்டு. அண்ணன் இதைக் கையால வெட்டுவாரு." அதே அளவில் நான்கு கிடைத்தன. மைக்ரோமீட்டரில் எல்லாம் 0.8. போர் துளையும் டிரான்ஸ்ஃபர் வழிகளும் ஸ்டட் துளைகளும் பிளாக்கின் அடிமுகத்தோடு பொருந்தின.

மேலே 0.8 கழித்து, அடியில் 0.8 தூக்கினால் பிளாக்கின் உச்சி பழைய இடத்திலேயே நிற்கும், ஸ்குவிஷ் மாறாது, போர்ட்டுகள் மட்டும் ஒரே சீராக 0.8 உயரும். 190/130இல் இருந்து 193/134க்கு, போர்ட்டின் வடிவத்தைத் தொடாமலே போகும் வழி இது. அழகான யோசனை என்றுதான் சொல்ல வேண்டும். கிரைண்டரால் போர்ட்டை உயர்த்தியிருந்தால் தவறினால் பிளாக்கே போயிருக்கும், இதில் ஒரு தகடோடு போகிறது. தகட்டின் ஒரு முகத்தில் காய்ந்த ஷெல்லாக், மறுமுகத்தில் பேப்பர் பேக்கிங்கின் தடம். எனவே ஒரே ஒரு பேப்பர் பேக்கிங்தான் போட்டிருக்கிறார். இதைக் கவனிக்காமல் இருபுறமும் அரை மி.மீ. பேக்கிங் வைத்தால் எக்சாஸ்ட் திறப்பு மேலும் 2 டிகிரி கூடிவிடும், ஸ்குவிஷும் விரியும். தகட்டோடு மாட்டி மறுபடி ஈயக்கம்பி வைத்தபோது 1.1 மி.மீ. கம்பியைக் கட்ஜன் பின் இருக்கும் திசையில் இருபுறமும் வைக்க வேண்டும். குறுக்கே வைத்தால் பிஸ்டன் சாய்ந்து தவறான எண் வரும்.

ஹெட்டுகள், சைலன்சர்கள், கார்புரேட்டர்கள்

ஐந்து ஹெட்டுகளில் எவை எந்தப் பிளாக்குடன் சேரும்? எஞ்சின் மேல் மாட்டி, பிஸ்டன் உச்சத்தில் இருக்க, பியூரெட்டிலிருந்து மெல்லிய எண்ணெயைப் பிளக் மரையின் அடிவரை நிரப்பினார்கள். எஞ்சினைச் சற்றுச் சாய்க்காவிட்டால் காற்றுக்குமிழ் தங்கி அளவு குறைவாகக் காட்டும். இரண்டு ஹெட்டுகள் 14.6 சிசி காட்டின. 27.2 மி.மீ.க்கு மேலே உள்ள கொள்ளளவு 87.5 சிசி, ஆகவே எக்சாஸ்ட் மூடியபின் அழுத்த விகிதம் சரியாக 7க்கு 1. வட்டமான எண் என்பதால், இலக்கு வைத்தே கடைந்திருக்கிறார் என்று கொள்ளலாம். மீதி மூன்றில் ஒன்றின் பிளக் மரை கெட்டு புஷ் போடப்பட்டிருந்தது, மற்ற இரண்டும் சாதாரண வண்டியுடையவை.

சைலன்சர்களில் பெயரோ புள்ளியோ கிடையாது. எக்ஸ்பான்ஷன் சேம்பரில் அழுத்த அலை பின் கூம்பில் பட்டுத் திரும்பி, போர்ட் மூடுவதற்குள் வந்து சேர வேண்டும். அலை வினாடிக்குச் சுமார் 510 மீட்டர் ஓடுவதாகக் கொண்டால், பிஸ்டன் முகத்திலிருந்து அலை திரும்பும் இடம் வரை மி.மீ. கணக்கில் வேண்டிய நீளம், 42,500ஐத் திறப்பு டிகிரியால் பெருக்கிச் சுழற்சி வேகத்தால் வகுத்தால் கிடைக்கும். வளைவுகளில் நடுக்கோட்டின் மேல் கம்பியை வளைத்து, பின் கூம்பின் நடுவரை அளந்ததில் ஒரு ஜோடி 864, மற்றது 950. முதலாவது 193 டிகிரிக்கு 9,500 சுழற்சியில் பொருந்துகிறது, இரண்டாவது 190க்கு 8,500இல். நீண்ட நேர்பாதை உள்ள விமான ஓடுதளத்துக்கு முதல் ஜோடி ஏற்றது என்று தோன்றுகிறது. இது கணக்கு தரும் பொருத்தம்தான், பிளாக்குகளைப் போல நேரடிச் சான்று கிடையாது. பட்டியலிலும் 'பொருந்தக்கூடும்' என்றே எழுதப்பட்டது.

ஜெட்டுகளில்தான் நிரந்தர நஷ்டம். வேண்டிய எண் கிடைக்காத காலத்தில் சிறிய ஜெட்டை வாங்கி மெல்லிய டிரில்லால் பெரிதாக்குவது சாதாரணம். அதனால் மேலே பொறித்த எண்ணை நம்ப முடியாது. பின் கேஜ் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தபோது பாதிக்கு மேல் எண்ணை விடத் துளை பெரிதாக இருந்தது. நான்கு டின்கள் நான்கு எஞ்சின் நிலைகளுக்கானவையாக இருந்திருக்கலாம். டப்பாவில் கலந்த பிறகு எந்த ஜெட் எந்தப் பிளாக்குக்கு என்று சொல்ல வழியே இல்லை. டைரியிலும் ஜெட் பற்றி எழுதவில்லை, டின்களே போதும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

எதை ஓட்டுவது, எதை வைப்பது

குடும்பத்துக்கு எஞ்சின் ஓசையைக் கேட்க ஆசை. மூன்று புள்ளி எஞ்சினைத்தான் கேட்டார்கள். மெக்கானிக் மறுத்தார், அந்த மறுப்பு சரியானதே. எக்சாஸ்ட் போர்ட் அகலம் 45 மி.மீ., அதாவது போரில் 70 சதவீதம். அந்த அகலத்தில் ரிங் வெளியே துருத்தி விளிம்பில் மாட்டும் ஆபத்து எப்போதும் உண்டு. இத்தனை ஆண்டு நின்ற ரிங்குகளோடு அதைச் சோதிப்பது வீண் துணிச்சல். பிளாக் உடைந்தால் இன்னொன்று கிடையாது, கட்டியவரும் இல்லை. இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பழைய ரப்பரை ஊதவைக்கும் என்பதும் ஒரு காரணம்.

புள்ளியில்லாத ஜோடியை நல்ல கிராங்கோடு கட்டி ஓட்டுவது என்று முடிவாயிற்று. அது 64.50க்குப் போர் அடிக்கப்பட்டது, போர்ட்டுகள் தொடப்படாதவை. அதே அளவில் பிரிக்காத பிஸ்டன் ஜோடியும் இருந்தது. கட்ஜன் பின்னுக்குச் செங்குத்தாக, பிஸ்டன் அடியிலிருந்து 10 மி.மீ. மேலே அளந்ததில் இடைவெளி 0.045 மி.மீ. சாலை ஓட்டத்துக்கு அது சரி. டைரியின் 2½ தௌ, அதாவது 0.06க்குச் சற்று மேல், ஆமணக்கு எண்ணெயில் பந்தய வெப்பத்துக்கு வைத்தது. அதைப் பார்த்துச் சாலை எஞ்சினைக் கட்டினால் பிஸ்டன் அடித்துக்கொள்ளும் ஓசை கேட்கும். ரிங் முனை இடைவெளி 0.35.

ஒரு விஷயம் ஏறக்குறைய கவனத்திலிருந்து தப்பியது. ஆயில் பம்ப் கழற்றப்பட்டு, அந்த இடம் ஒரு தகட்டால் அடைக்கப்பட்டிருந்தது. பந்தயத்தில் எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்துவிடுவார்கள். சைடு டேங்கில் எண்ணெய் இருக்கிறதே என்று வெறும் பெட்ரோல் ஊற்றியிருந்தால் சில நிமிடங்களில் பிஸ்டன் பிடித்திருக்கும். லிட்டருக்கு 40 மி.லி. கலந்தார்கள், 25க்கு 1.

ஸ்டார்ட் செய்யும் முன் காற்றுச் சோதனை. எக்சாஸ்ட்டையும் இன்டேக்கையும் அடைத்து, 6 பிஎஸ்ஐ ஏற்றி, ஆறு நிமிடம் பார்க்க வேண்டும். இந்த எஞ்சினில் இரு சிலிண்டர்களுக்கும் நடுவே லாபிரிந்த் சீல்தான், காற்று அதன் வழியே கடக்கும். ஒரு பக்கத்தை மட்டும் சோதித்தால் இல்லாத ஓட்டையைத் தேட வேண்டியிருக்கும், இரண்டையும் சேர்த்தே அடைக்க வேண்டும். முதல் சோதனையில் அழுத்தம் ஒரு நிமிடத்துக்குள் இறங்கியது. சோப்பு நீர் பூசியதில் இடப்பக்கம், டைனமோ பக்கத்து ஆயில் சீலின் வெளிவிளிம்பில் குமிழ். சீல் புதியதுதான். கேஸ் பள்ளத்தில் பழைய பசைக் கட்டி ஒட்டியிருந்ததால் சரியாக அமரவில்லை. இந்தப் பக்கம் ஓட்டை இருந்தால் காற்று அதிகம் புகுந்து கலவை மெலிந்து, பிஸ்டன் ஓட்டையாகும். வலப்பக்கம், கிளட்ச் பக்கத்தில் ஓட்டை என்றால் கியர் ஆயிலை இழுத்துப் புகை தள்ளும், அதைக் கண்ணாலாவது பார்க்கலாம். பள்ளத்தைச் சுத்தம் செய்து வேறு சீல் போட்டபின் அழுத்தம் நின்றது.

பாயின்ட் (தீப்பொறியைத் தூண்டும் தொடுமுனை) இடைவெளி 0.35, டைமிங் (தீப்பொறி விழும் இடம்) உச்சத்துக்கு 2.0 மி.மீ. முன், அதாவது சுமார் 20 டிகிரி. பிளக் துளையில் டயல் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக வைத்தார்கள். டைரியின் 1.8 பந்தய ஹெட்டுக்கானது. எஞ்சின் ஓடியது. குறைந்த வேகத்தில் மூன்று சூடேற்றல்கள், நடுவில் முழுவதும் ஆறவிட்டு ஹெட் நட்டுகளை மீண்டும் இறுக்கியதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

விற்பனையும் வரலாற்றுக் குறிப்பும்

செய்தி பரவியதும் சைலன்சர்களை மட்டும் நல்ல விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். பிள்ளைகள் இருவருக்கும் கருத்து வேறுபாடு வந்தது இங்கேதான். கடைசியில், மூன்று புள்ளிக்குரிய பிளாக், தகடு, ஹெட், 864 சைலன்சர், டைரிகள், வெல்டிங் செய்த கிராங்கு ஆகியவற்றைப் பிரிக்கக் கூடாது என்று எழுதி வைத்துக்கொண்டார்கள். சாதாரண ஹெட்டுகள், ரீடு கூண்டுகளில் உபரியானவை, பொதுக் கருவிகள் விற்கப்பட்டன. எண் பொறித்த கிராங்கு கேஸ் ஒன்று தனியாக இருந்தது. அந்த எண் யாருடைய ஆர்சி புத்தகத்தில் இருக்கிறது என்று தெரியாமல் அதைக் கைமாற்றுவது வம்பு, எனவே விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

குடும்பத்தில் வழங்கிய கதை, அப்பாவின் எஞ்சின் சோழவரத்தில் ஜெயித்தது என்பது. கையில் இருந்தவை ஒரு பந்தய நிகழ்ச்சிநிரல் புத்தகமும், எண் எழுதிய டேங்கோடு வண்டி நிற்கும் ஒரு படமும். படத்தில் உள்ள சைலன்சரின் வளைவும் பற்றவைப்புக் கோடும் 950 ஜோடியோடு ஒத்துப்போகின்றன. ஆகவே இரண்டு புள்ளி எஞ்சினுக்குச் 'சோழவரத்தில் நின்றது' என்று குறிப்பு. மூன்று புள்ளிப் பிளாக்கின் எக்சாஸ்ட் வழியில் ஆமணக்கு வார்னிஷ் உண்டு, அதற்கு 'ஓடியது' என்பது மட்டும். 'ஜெயித்தது' என்பதற்குச் சான்று கிடைக்கும்வரை எங்கும் எழுதவில்லை. வாங்க வருபவரிடம் சொல்லக் கவர்ச்சியான கதைதான், ஆனால் ஒரு பொய்க் குறிப்பு நுழைந்தால் மற்ற உண்மைக் குறிப்புகளின் மதிப்பும் குறையும்.

வேறு விதமாகச் செய்ய வேண்டியவை

உதவியாளரை முதல் நாளே தேடியிருக்க வேண்டும். அவர் வீடு சில தெருக்கள் தள்ளித்தான். துக்கம் விசாரிக்க வந்தவர்களின் பட்டியலில் பெயரும் இருந்தது. சாக்கு ஒரு நாள் முன்னதாகக் காயலாங்கடைக்குப் போயிருந்தால், மூன்று புள்ளிப் பிளாக்குகள் 'தவறாகக் கடையப்பட்டவை' என்று முடிவாகியிருக்கும். யாராவது தடித்த ஹெட் பேக்கிங் போட்டு ஓட்டவும் முயன்றிருப்பார்கள். அவரிடம் பேசியதைப் பொருளைக் கையில் கொடுத்துப் பதிவு செய்தது பலன் தந்தது. பொதுவாகக் கேட்டபோது நினைவில்லை என்றவர், தகட்டைத் தொட்டதும் வெட்டிய முறை, ராவிய அரம் வரை சொன்னார்.

காலியான தட்டு பற்றி மகளிடம் அன்றே கேட்டு, எந்த டின் எங்கே இருந்தது என்று நினைவிருக்கும்போதே வரைந்திருக்கலாம். சில வாரம் கழித்துக் கேட்டபோது நிறம் கூட நினைவில்லை.

ஸ்பிரிட் ஊற்றும் முன் எஞ்சினின் ஆயில் சீல்கள் எப்படியும் மாற்ற வேண்டியவை என்று முடிவு செய்துகொண்டது சரி. ஆனால் கார்புரேட்டரை அதே திரவத்தில் ஊறவைத்தது தவறு, விஎம் 34 இரண்டிலும் மிதவை அறை பேக்கிங் ஊதிக் கிழிந்தது. பேக்கிங் கிடைத்துவிடும், அறையின் அடியில் பென்சிலால் இருந்த இரண்டு எழுத்துகள் அழிந்தன. நல்லவேளையாகப் படம் இருக்கிறது.

இப்போதைய நிலை

பிளாக்குகளின் போரில் எண்ணெய் பூசி, துரு தடுக்கும் விசிஐ தாளில் சுற்றி, சிலிக்கா ஜெல்லோடு மூடிய பெட்டியில் இருக்கின்றன. சென்னைக் காற்றில் மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் சிலிக்கா ஜெல்லைச் சூடாக்கி உலர்த்த வேண்டும், நிறம் மாறும் வகை வாங்கினால் தெரிந்துவிடும். 0.8 தகடுகள் இரண்டு, மூன்று புள்ளிப் பிளாக்குகளின் ஸ்டட் துளையிலேயே கம்பியால் கட்டப்பட்டிருக்கின்றன. மீதி இரண்டு தகடுகளும் அதே பெட்டியில் தனிப் பையில், அளவோடு. இரண்டு டைரிகளும் பக்கம் பக்கமாகப் படமெடுக்கப்பட்டு, ஒரு பிரதி மகனிடம் இருக்கிறது. ஜெட்டுகள் துளை அளவுப்படி வரிசைப்படுத்தப்பட்டு, 'எந்த எஞ்சினுக்கு என்று தெரியாது' என்ற சீட்டோடு தனி டப்பாவில் உள்ளன.